கொண்டி

டர்பனில் எங்கள் ஆய்வகத்து ஜன்னலை
மூன்றே நாளில் திறக்கக் கற்றுக்கொண்டது ஒரு குரங்கு.
பலத்தால் அல்ல.
கொண்டியைத் தட்டும், காத்திருக்கும், மறுபடி தட்டும்.
நொக்வான்டாவின் வாழைப்பழம், என் தயிர்ச்சோற்று டப்பா,
ஒருமுறை கையுறைப் பெட்டியே போயிற்று.

இரண்டு வருடமாக நாங்களும்
ஒரு கொண்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

தொப்புள்கொடி ரத்தம்
பிரசவ வார்டிலிருந்து ஐஸ் பெட்டியில்,
மினிபஸ் ஹாரன்களுக்கு நடுவே, விடியுமுன் வரும்.
பையின் மேல் பெயர் இருக்காது. ஓர் எண், ஒரு நேரம்.
இன்று 04.10. யாரோ அப்போது பிறந்திருக்கிறார்கள்.
ஜூலுவில் அச்சடித்த ஒப்புதல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
ஒரு தாய் கேட்டாளாம்:
"இதை எடுத்தால் என் பிள்ளைக்குக் குறையுமா?"
குறையாது, எரிக்கப் போவதுதான் என்றாளாம் நர்ஸ்.
அதன் பிறகும் அவள் யோசித்துத்தான் கையெழுத்திட்டாள்.

அந்த ரத்தத்தில் ஆயிரத்தில் ஒன்றாக
உறங்குகின்றன குருத்தணுக்கள்.
உறங்கும்வரை யாருக்கும் கதவு திறப்பதில்லை.
எழுப்பினால் திறக்கும்;
ஆனால் விழித்த குருத்து வெகுநாள் குருத்தாக இராது,
ஏதோ ஒரு ரத்த அணுவாகிப் பிழைப்புக்குப் போய்விடும்.
உள்ளே சேர்க்க வேண்டியது ஒரு சின்னக் கடிதம்:
எதிர்ப்புரதம் செய்யும் வழி,
எந்த ஊசியும் இன்னும் கற்றுத்தராத பாடம்.

தபால்காரன் யாரென்று சொல்லத்தான் நாக்கு தயங்குகிறது.
அந்த வைரஸேதான்.
குடல் எடுத்த மீன்போல
உள்ளிருந்ததை எல்லாம் எறிந்துவிட்டு
வெறும் கூட்டை வைத்திருக்கிறோம்,
கதவு தட்டத் தெரிந்த கூடு.

அந்தக் குடுவையைத் தொடும்போது நொக்வான்டா பேசமாட்டாள்.
உம்லாசியில் ஒரே மழைக்காலத்தில்
அவள் வீட்டிலிருந்து இரண்டு சவப்பெட்டிகள் போயின.
அண்ணன், பிறகு அண்ணி.
வேறு ஆளை வைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.
"திருடனுக்குத்தான் பூட்டு தெரியும், யோகா.
வேலை வாங்குவேன்.
சோறு போடச் சொல்லாதே."

நூறு அணுவில் ஏழு.
வெண்பலகையில் அந்த எண்
அழிக்க ஆளில்லாமல் மங்கிக்கிடந்தது.

பிறகு ஒரு செவ்வாய், மின்வெட்டு அட்டவணை மாறியது.
இரண்டு நாள் எழுப்பிவை என்கிறது செய்முறை.
பதினாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது.
ஜெனரேட்டர் உறைபெட்டிகளுக்கே போதாது,
இரவு பத்துக்குச் சுழலி நின்றுவிடும்.
"அரைத்தூக்கத்திலேயே தட்டிப் பார்ப்போம்" என்றாள்.
டாக்டர் படையாச்சியைக் கேட்கவில்லை.
தட்டின் தரையில் பசைப்புரதம் பூசி
கூட்டையும் அணுவையும் அருகருகே கிடத்தி
மெல்லச் சுற்றினோம்.
சுற்றி முடித்த ஐந்தாம் நிமிடம் ஊர் இருண்டது.
மிச்ச வேலை கைபேசி வெளிச்சத்தில்.

நான்காம் நாள் பச்சை ஒளி.
முப்பத்தெட்டு.
இயந்திரம் பொய் சொல்கிறதென்று
கழுவி மறுபடி ஓட்டினோம்.
முப்பத்தேழு புள்ளி ஆறு.
பாதிக்கு மேல் இன்னும் குருத்தாகவே இருந்தன.
திட்டுவதற்கென்று வந்த படையாச்சி
நாற்காலியில் உட்கார்ந்து
வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த பை முப்பத்தொன்று.
அதற்கடுத்தது பன்னிரண்டு. ஏனென்று தெரியவில்லை.
பிள்ளைக்குப் பிள்ளை கொண்டி வேறோ என்னவோ.
தடுப்பூசி என்ற சொல்லை இங்கே யாரும் உரக்கச் சொல்வதில்லை.
நடுவில் எலிகள் இருக்கின்றன, பணம் இருக்கிறது,
எத்தனையோ வருடம் இருக்கிறது.
நொக்வான்டா பலகையைத் துடைத்தாள்,
புதிய எண் எதுவும் எழுதவில்லை.

ஜன்னலுக்கு இரண்டாவது கொண்டி மாட்டியாயிற்று.
வெளியே மழை.
குரங்கு விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்க்கிறது,
அவசரம் இல்லாமல்.
தயிர்ச்சோற்றை நான் இப்போது
குளிர் அறையில் வைக்கிறேன்,
விதிப்படி கூடாதுதான்.